பாலாற்று ஊற்றும் சிவப்புச் சட்டையும்: சிறுவயது நினைவு, கனவு, பகற்கனவு பற்றி உளப்பகுப்பாய்வு சொல்வது

எனக்கு நினைவில் இருக்கும் மிகப் பழைய காட்சி, பள்ளிகொண்டாவுக்கு அருகில் பாலாற்று மணலில் நடக்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆயா மணலைக் கையால் பறித்து, முழங்கை ஆழத்துக்கு ஓர் ஊற்றுத் தோண்டுகிறார். முதலில் ஈர மணல் வருகிறது, பிறகு கலங்கல் வருகிறது, அதற்குப் பிறகு குழியின் ஓரங்களிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து நிறைகிறது. ஆயா கலங்கலைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுகிறார். இறைக்க இறைக்கத் தண்ணீர் தெளிகிறது. குழியின் எதிர்ப்பக்கத்தில் சிவப்புச் சட்டை போட்ட சின்னப் பையன் ஒருவன் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பையன் நான்தான். யாரும் அழவில்லை, யாரும் விழவில்லை, எடுத்துச் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தத் தண்ணீர் தெளிகிற விதம் என் கண்ணில் அப்படியே நிற்கிறது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களிடம் அவர்களுடைய முதல் படுகள நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஊர்த் திடலில் மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்கவைத்த பிரம்மாண்டமான துரியோதனன், அவன் தொடையில் ஓங்கி அடிக்கும் பீமன், விரித்த கூந்தலை முடிக்க வரும் திரௌபதி என்று ஒரு குழந்தையை நடுங்கவைக்க அங்கே எல்லாமே இருக்கும். ஆனால் கேட்டால் பலருக்கு நினைவில் இருப்பது பொரிகடலை கட்டிக் கொடுத்த காகிதம், அல்லது அப்பாவின் தோளில் கிடந்த துண்டின் வேர்வை வாசனை. பெரியது மறைந்து சிறியது தங்கிவிடுவது ஏன்? மனம் பொறுக்கி எடுத்துவைக்கும் இந்த முறையில் ஏதாவது கணக்கு உண்டா? உளப்பகுப்பாய்வு என்ற சிந்தனை முறை தன் தொடக்க காலத்திலேயே எடுத்துக்கொண்ட கேள்விகளில் இது ஒன்று. அதே கேள்வியைப் பின்தொடர்ந்தால் கனவுக்கும் பகற்கனவுக்கும் போய்ச் சேரலாம் என்பதால், இந்த மூன்றையும் ஒரே இழையாக வைத்துச் சொல்ல முயல்கிறேன்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்டு 1856-இல், இன்று செக் குடியரசில் இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்து, நான்கு வயதையொட்டி வியன்னாவுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தவர். நரம்பு மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். உடலில் காரணம் கண்டுபிடிக்க முடியாத நோய்களோடு வந்தவர்களை மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடுக்காமல் சொல்லச் சொல்லிக் கேட்டபோது, அவர்கள் அறியாமலேயே அவர்களுக்குள் வேலை செய்யும் எண்ணங்களும் ஆசைகளும் இருப்பதாக அவர் முடிவுக்கு வந்தார். அந்தப் பகுதியை நனவிலி என்கிறோம். தாங்க முடியாத ஓர் எண்ணத்தை மனம் நனவிலிக்குள் தள்ளி வைப்பதை ஒடுக்குதல் என்கிறோம். தள்ளப்பட்டது செத்துப்போவதில்லை, வேறு உருவில் வெளியே வரப் பார்க்கிறது என்பதுதான் இந்த முறையின் அடித்தளம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

1899-இல் ஃபிராய்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் முப்பத்தெட்டு வயதான, நன்கு படித்த ஒருவர் தம் சிறுவயது நினைவொன்றைச் சொல்கிறார். சரிவான புல்வெளி முழுக்க மஞ்சள் பூக்கள். மேட்டில் ஒரு குடிசை. அதன் வாசலில் தலையில் துணி கட்டிய ஒரு குடியானவப் பெண்ணும் ஒரு தாதியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புல்வெளியில் மூன்று குழந்தைகள் பூப்பறிக்கிறார்கள்: அவர், அவரைவிட ஒரு வயது மூத்த உறவுக்காரப் பையன், அந்தப் பையனின் தங்கை. அந்தச் சிறுமியின் கையில் இருக்கும் கொத்துத்தான் மிக அழகாக இருக்கிறது. பையன்கள் இருவரும் பாய்ந்து அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். அவள் அழுதுகொண்டே மேலே ஓடுகிறாள். குடியானவப் பெண் அவளைத் தேற்றப் பெரிய கறுப்பு ரொட்டித் துண்டு ஒன்றைக் கொடுக்கிறாள். அதைக் கண்டதும் பையன்கள் பூவை வீசிவிட்டு ஓடி, தங்களுக்கும் ரொட்டி கேட்கிறார்கள். அவள் நீண்ட கத்தியால் அறுத்துத் தருகிறாள். அந்த ரொட்டியின் சுவை அத்தனை அருமையாக இருக்கிறது. அத்தோடு காட்சி முடிகிறது.

இந்த நினைவில் இரண்டு விஷயங்கள் அளவுக்கு மீறி இருப்பதை ஃபிராய்டு கவனிக்கிறார்: பூவின் மஞ்சள் நிறம், ரொட்டியின் சுவை. அவர் மேலும் கேட்கக் கேட்க, அந்த மனிதருக்குப் பிந்தைய காலத்துச் செய்திகள் ஒவ்வொன்றாக மனத்தில் எழுகின்றன. பதினேழு வயதில் பிறந்த ஊருக்குப் போனபோது, தங்கியிருந்த வீட்டுப் பெண்மீது அவருக்குக் காதல் வந்தது. முதன்முதலாகப் பார்த்த அன்று அவள் மஞ்சள் உடை உடுத்தியிருந்தாள். சில நாளில் அவள் படிக்கப் போய்விட்டாள். தன் குடும்பம் அந்த ஊரைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் இவளை மணந்து இங்கேயே வாழ்ந்திருக்கலாமே என்று அவர் காட்டு வழியில் தனியாக நடந்து ஏங்கினார். சில ஆண்டுகள் கழித்து இன்னொன்று நடந்தது. வீட்டுப் பெரியவர்கள், இவர் பிழைப்புக்கு உதவாத படிப்பை விட்டுவிட்டு வருமானம் வரும் தொழிலைப் பார்த்துக்கொண்டு, அந்த உறவுக்காரப் பெண்ணையே கட்டிக்கொள்ளட்டும் என்று எண்ணினார்கள். இவர் தம் படிப்பிலேயே மூழ்கியிருந்ததால் அந்த எண்ணம் நின்றுபோனது. பின்னாளில் வயிற்றுப்பாட்டுக்கு அல்லாடியபோது, அந்த யோசனை அவ்வளவு மோசமானதில்லையே என்று தோன்றியிருக்கிறது.

பூவை வீசிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொள்ளும் அந்தக் குழந்தைக் காட்சியில், கைவிட்ட காதலும் கைவிட்ட சாப்பாட்டு வழியும் சேர்ந்து ஒளிந்திருக்கின்றன. காட்சி பொய்யென்று ஃபிராய்டு சொல்லவில்லை. அப்படியொரு நாள் உண்மையிலேயே இருந்திருக்கலாம். ஆனால் ஆயிரம் நாட்களில் அந்த ஒரு நாள் மட்டும் காப்பாற்றப்பட்டதற்குக் காரணம், பிற்காலத்து ஆசைகளைச் சுமக்கத் தோதான உருவம் அதற்கு இருந்தது என்கிறார். அந்த முப்பத்தெட்டு வயதுக்காரர் வேறு யாருமில்லை, பெயரை மறைத்துக்கொண்ட ஃபிராய்டேதான் என்பதை 1946-இல் சிக்ஃபிரிட் பெர்ன்ஃபெல்டு என்ற உளப்பகுப்பாய்வாளர் எடுத்துக்காட்டினார். தன் மனத்தைத் தானே ஆய்வு மேசையில் வைத்த அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இத்தகைய நினைவைத் திரை நினைவு என்று அழைக்கிறோம். இந்தப் பெயர் நம் பக்கத்து ஆட்களுக்கு எளிதில் பிடிபடும். தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்குப் பிறகு பெரிய வேடம் சபைக்கு வரும்போது இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்து விருத்தம் கேட்கும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், மேலே கிரீடத்தின் நுனி தெரியும், முகம் மட்டும் தெரியாது. அந்தத் துணி ஆளை மறைக்கிறது; மறைக்கிற அதே நேரத்தில் அங்கே ஓர் ஆள் நிற்கிறார் என்று ஊருக்கே அறிவிக்கிறது. திரை நினைவு செய்வதும் இந்த இரட்டை வேலையைத்தான். சாதாரணமான ஒரு காட்சி முன்னால் நின்று, பின்னால் இருப்பதை மூடுகிறது. ஆனால் அதன் வழக்கத்துக்கு மீறிய தெளிவும் நிறமும், பின்னால் ஏதோ உண்டென்று சொல்லிவிடுகின்றன.

அதே கட்டுரையில் ஃபிராய்டு சொன்ன இன்னொரு சிறு கவனிப்புத்தான் என்னை உலுக்கியது. சிறுவயது நினைவில் நம்மையே நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம் என்றால், அது பிற்பாடு மீண்டும் செய்யப்பட்ட காட்சி என்கிறார். குழந்தை அன்று தன் கண்ணால் பார்த்தபோது அதற்குத் தெரிந்தது குழியும் தண்ணீரும் ஆயாவின் கையும் மட்டுமே. சிவப்புச் சட்டைப் பையனைப் பார்க்க அங்கே இன்னொருவர் நின்றிருக்க வேண்டும். அப்படியானால் எனக்கு அந்தப் படத்தை யார் எடுத்துக் கொடுத்தது?

இதைப் படித்த சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு கிருத்திகை நாளில், என் சின்னம்மாவிடம் அந்தக் காட்சியைச் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “ஊத்து தோண்டனது வாஸ்தவம்தான், ஆயா தினமும் உன்னத் தூக்கினு போவும்” என்றார். கொஞ்ச நேரம் காம்புகளைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, “ஆனா செகப்புச் சொக்கா இன்னாத்துக்கு வந்திச்சி? அது உனக்கு ஒண்ணாங்கிளாஸ் போறப்ப, தீபாவளிக்கு எடுத்தது. ஊத்து தோண்டனப்ப உனக்கு மூணு வயசுகூட ஆவல, அரைஞாண் கயிறோட கெடந்த” என்றார். பிறகுதான் முழுவதையும் சொன்னார். அந்த நாட்களில் என் அம்மா வேலூரில் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். பிறந்த குழந்தை இரண்டு நாள்கூட உயிரோடு இல்லை. எனக்கு எதுவும் சொல்லாமல் ஆயா வீட்டில் விட்டிருக்கிறார்கள்; நான் அம்மாவைக் கேட்டு அழும்போதெல்லாம் ஆயா ஆற்றுக்குத் தூக்கிப் போயிருக்கிறார். என் தங்கை பிறந்தது நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டில். அந்தத் தீபாவளிக்கு எடுத்ததுதான் சிவப்புச் சட்டை.

இரண்டு பிரசவங்கள், இரண்டு வயதுகள். ஒன்றில் அம்மா வெறுங்கையோடு திரும்பினார். இன்னொன்றில் குழந்தையோடு திரும்பினார். என் மனம் முதல் பிரிவின் மணலையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது ஆண்டின் நல்ல சட்டையை அந்தப் பையனுக்குப் போட்டுவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அழுகை முழுவதும் விழுந்துபோய், கலங்கல் தெளிவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இது ஒரு விளக்கம் மட்டுமே, நிரூபணம் ஆகாது. ஆனாலும், ‘ஏன் இந்தக் காட்சி?’ என்ற கேள்விக்கு, ‘தற்செயல்’ என்பதைவிட இது கூடுதலாகப் பதில் சொல்கிறது.

மூன்று வயதுக்கு முந்தைய நாட்கள் பொதுவாக யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஃபிராய்டு இதற்கும் ஒடுக்குதலையே காரணமாகச் சொன்னார். இன்றைய உளவியலாளர்கள் பெரும்பாலும் மூளையின் நினைவுப் பகுதிகளின் வளர்ச்சியையும், கதையாகச் சொல்லும் மொழித்திறன் பின்னால்தான் வருகிறது என்பதையும் காட்டுகிறார்கள். இதில் எனக்குப் பின்னவர்கள் சொல்வதே சரியாகப் படுகிறது.

இனிக் கனவு. திரை நினைவுக் கட்டுரை வந்த அதே 1899-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிராய்டின் கனவு விளக்க நூலும் வந்தது. பதிப்பாளர் அட்டையில் 1900 என்று ஆண்டு போட்டார். முதல் பதிப்பின் 600 படிகள் விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின. கனவு ஓர் ஆசையின் நிறைவேற்றம் என்பது அதன் மையக் கருத்து. குழந்தைகளின் கனவில் இது மறைப்பின்றித் தெரியும் என்பதற்கு அவர் தம் மகள் ஆன்னாவையே காட்டினார். பத்தொன்பது மாதக் குழந்தையான ஆன்னாவுக்கு ஒருநாள் காலையில் வாந்தி வந்ததால் நாள் முழுவதும் சாப்பாடு கொடுக்கவில்லை; அன்றிரவு அவள் தூக்கத்தில் தன் பெயரைச் சொல்லி, ஸ்ட்ராபெரி, ஆம்லெட், கஞ்சி என்று பட்டியல் போட்டாள். நமக்கு இந்தக் கருத்து முற்றிலும் புதிதன்று. திருக்குறளின் 122-ஆவது அதிகாரமான கனவுநிலை உரைத்தலில், நனவில் அன்பு காட்டாதவரைக் கனவிலாவது காண்பதால்தான் என் உயிர் நிற்கிறது என்று தலைவி சொல்கிறாள். ஆசை, கனவில் தன் பசியை ஆற்றிக்கொள்கிறது என்பது நம் மொழிக்கு நெடுநாளாகத் தெரியும். ஃபிராய்டு சேர்த்தது, வளர்ந்தவர்களின் கனவில் அந்த ஆசை வேடம் கட்டிக்கொண்டு வருகிறது என்பதும், அந்த வேடம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதும்.

விழித்தெழுந்து நாம் சொல்லும் கதை கனவின் வெளித்தோற்றம். அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணங்கள் அதன் உட்பொருள். உட்பொருளை வெளித்தோற்றமாக மாற்றும் வேலைக்குக் கனவு வேலை என்று பெயர். இதை வரையறைகளாக அடுக்குவதைவிட, ஒரு கனவை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

வேலூரில் துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் பகிர்ந்துகொள்ள அனுமதி தந்த கனவு இது. அவர் காட்பாடி ஜங்ஷனில் நிற்கிறார்; ரயில் நகரத் தொடங்கிவிட்டது. டிக்கெட் பரிசோதகர் வழியை மறித்துச் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அவருக்கு நண்பரின் பழைய கணக்கு வாத்தியாரின் முகம். மீசை மட்டும் மாமனாருடையது. நண்பர் பையில் கைவிட்டு டிக்கெட்டைத் துழாவுகிறார். கைக்கு வருவது ஒரு முற்றிய முள்ளுக் கத்தரிக்காய். முள் விரலில் குத்துகிறது. தாங்க முடியாத வெட்கத்தோடு விழித்துக்கொள்கிறார்.

முந்தைய நாள் மாலை அவருடைய மனைவி, விருந்தாளிகள் வருவதால் முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்லியிருந்தார், அவர் மறந்துவிட்டார். அன்றே மகனுக்கு ரயில் டிக்கெட்டும் பதிவு செய்திருந்தார். கனவு தன் கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ளும் செங்கல் பெரும்பாலும் இப்படிப் பகலில் கிடந்த சில்லறைச் சங்கதிதான். இதைப் பகல் எச்சம் என்பார்கள். வாத்தியாரும் மாமனாரும் ஒரே உருவத்தில் கலந்தது சுருக்குதல்: தன்னைக் கணக்குக் கேட்கக்கூடிய எல்லோரையும் கனவு ஒரே ஆளாக்கிவிட்டது. அத்தனை பெரிய வெட்கம் ஒரு காய்மீது போய் உட்கார்ந்தது இடமாற்றம்: உணர்ச்சி, தனக்குரிய பொருளை விட்டு, ஆபத்தில்லாத இன்னொன்றின்மேல் ஏறிக்கொள்கிறது. என் சிவப்புச் சட்டையிலும் நடந்தது ஏறக்குறைய இவைதான் என்பதைப் படிப்பவர் கவனித்திருப்பீர்கள்.

ஆனால் ஏன் கத்தரிக்காய்? நண்பர் இரண்டு நாள் கழித்துத் தாமாகவே வந்து சொன்னார். கடைக்காக, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு கடன் வாங்கியிருந்தார். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று அவருடைய பாட்டி சொல்லும் பழமொழி, கடையைத் திறந்துகொண்டிருந்தபோது திடீரென்று நினைவுக்கு வந்ததாம். கனவுக்கு வாக்கியம் பேசத் தெரியாது. அது படமாகத்தான் எதையும் காட்ட முடியும். ஆகவே பழமொழியையும் சிலேடையையும் சொல்லுக்குச் சொல் காட்சியாக்கிவிடுகிறது. ஜெர்மன் மொழிக் கனவுகளில் ஃபிராய்டு இதை ஏராளமாகக் கண்டார். தமிழ்க் கனவு தமிழ்ப் பழமொழியில்தான் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே, கனவு பற்றிய நூல்களை நாம் நம் மொழியில் யோசித்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். விழித்த பிறகு துண்டு துண்டாக இருப்பதை ஒரு சீரான கதையாகக் கோத்துச் சொல்கிறோமே, அதுவும் கனவு வேலையின் கடைசிப் பகுதி என்று அவர் கருதினார்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். பஞ்சாங்கத்தில் வரும் கனவுப் பலன்களில் பாம்பு கண்டால் இது, பல் விழுந்தால் அது என்று எல்லோருக்கும் ஒரே பொருள். உளப்பகுப்பாய்விலும் சில பொதுக் குறியீடுகளைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் முதன்மையான வழி, கனவு கண்டவரையே ஒவ்வொரு துண்டையும் பிடித்துக்கொண்டு மனம் போகும் போக்கில் பேசவிடுவது. என் நண்பரின் கத்தரிக்காய்க்கு அவருடைய பாட்டிதான் அகராதி. இன்னொருவர் கனவில் அதே காய் வந்தால், அவர் பேசினால்தான் தெரியும்.

பகற்கனவுக்கு வருவோம். 1907 டிசம்பர் 6 அன்று வியன்னாவில், ஹுகோ ஹெல்லர் என்ற பதிப்பாளரின் புத்தகக்கடைக் கூடத்தில் ஃபிராய்டு ஓர் உரை நிகழ்த்தினார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. எழுத்தாளனுக்குக் கதை எங்கிருந்து கிடைக்கிறது என்று தொடங்கிய அவர், பதிலைக் குழந்தையின் விளையாட்டில் தேடினார். விளையாடும் குழந்தை தன் உலகத்தை மிகுந்த அக்கறையோடு கட்டுகிறது. விளையாட்டுக்கு எதிரானது அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு எதிரானது நிஜம் என்றார் அவர். படுகளம் முடிந்த மறுநாள் எங்கள் தெருப் பிள்ளைகள் அட்டையில் கிரீடம் வெட்டிக்கொண்டு, வேப்பங்குச்சியைக் கதாயுதமாகப் பிடித்துக்கொண்டு, யார் பீமன் என்பதற்காக உண்மையாகவே சண்டை போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அட்டை அட்டைதான் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

வளர்ந்த பிறகு அந்த இன்பத்தை யாரும் எளிதில் விட்டுவிடுவதில்லை. கையில் பிடிக்கும் குச்சியும் கிரீடமும் போய்விடுகின்றன. விளையாட்டு தலைக்குள் குடியேறிவிடுகிறது. அதுவே பகற்கனவு. குழந்தை தன் விளையாட்டை யாரிடமிருந்தும் ஒளிப்பதில்லை. பெரியவர்களோ தங்கள் பகற்கனவை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, செய்த தப்பை ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். மனநிறைவோடு இருப்பவன் பகற்கனவு காண்பதில்லை, குறை உள்ளவனே காண்கிறான் என்றும் ஃபிராய்டு சொன்னார். இதை நான் முழுவதும் ஏற்கவில்லை. மனம் நிறைந்திருக்கும்போதும் மனிதர்கள் கற்பனையில் உலவத்தான் செய்கிறார்கள்.

அந்த உரையில் எனக்கு மிகவும் பயன்பட்டது, பகற்கனவுக்கு மூன்று காலங்கள் உண்டு என்ற கருத்து. இன்று நடக்கும் ஏதோ ஒன்று ஓர் ஆசையைத் தட்டி எழுப்புகிறது. அந்த ஆசை, அது நிறைவேறியிருந்த பழைய காலத்தை, பெரும்பாலும் குழந்தைப் பருவத்தை, தேடிப் போகிறது. அங்கிருந்து பொருள்களை எடுத்துவந்து ஒரு வருங்காலக் காட்சியைக் கட்டுகிறது. அவர் தந்த எடுத்துக்காட்டு, வேலை கேட்டு ஒரு முதலாளியைப் பார்க்கப் போகும் அனாதை இளைஞன். போகும் வழியிலேயே அவன் மனத்தில் வேலை கிடைத்து, முதலாளிக்கு அவனைப் பிடித்துப்போய், அந்த வீட்டுப் பெண்ணையே மணந்து, தொழிலுக்கும் வாரிசாகிவிடுகிறான். சின்ன வயதில் அவன் இழந்த வீடும் பெற்றோரின் அன்பும் வருங்கால உடை உடுத்தித் திரும்பி வருகின்றன.

குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்கள் சிலரோடு உட்கார்ந்து பேசியபோது இதை நேரிலேயே கண்டேன். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். விரல்கள் இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடித்து, நூலைக் கட்டுகின்றன. கண் அங்கே இல்லை. கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்ப்பதால் மனம் விடுதலையாகிவிடுகிறது. அவர்களில் ஒரு அக்கா, மகள் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து தன் மனத்தில் ஓடும் வீட்டைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னார். மாடி வீடு, மகளுக்குத் தனி அறை. ஆனால் வாசலில் மட்டும் ஒரு பெரிய புங்கமரம். ஏன் புங்கமரம் என்று கேட்டேன். “எங்க அப்பா உசுரோட இருந்தப்ப அதுக்கடியிலதான் சார் கட்டில் போட்டுக்குவாரு” என்றார். மகளின் கல்லூரி இன்றைக்கு. மரத்தடிக் கட்டில் அன்றைக்கு. மாடி வீடு நாளைக்கு. அவர் அதைச் சொன்னபோது விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு வேலை தொடர்ந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முறை எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. 1910-இல் ஃபிராய்டு லியனார்டோ டா வின்சியின் ஒரு சிறுவயது நினைவை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து தன் வாலால் உதட்டில் பலமுறை அடித்ததாக லியனார்டோ குறித்திருந்தார். அவர் எழுதிய இத்தாலியச் சொல்லுக்குப் பருந்து என்று பொருள். ஃபிராய்டு நம்பியிருந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது பிணந்தின்னிக் கழுகு ஆகிவிட்டது; அந்தக் கழுகை வைத்து எகிப்தியத் தாய்த் தெய்வம்வரை அவர் கட்டிய வாதத்தின் ஒரு பெரும்பகுதி, பிழை தெரிந்ததும் ஆட்டம் கண்டது. நினைவைச் சொல்பவர் எதிரில் இருந்திருந்தால் ஒரு கேள்வியில் தீர்ந்திருக்கும். இறந்தவர்களின் நினைவையும் கனவையும் தாளிலிருந்து விளக்குவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

இன்னொன்று அதைவிடக் கடுமையானது. அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரலும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், 24 பேரிடம் அவர்கள் சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக, நடக்காத ஒரு நிகழ்ச்சியை, குடும்பத்தார் சொன்னதுபோல உண்மை நிகழ்ச்சிகளோடு கலந்து சொன்னார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை முழுமையாகவோ ஓரளவோ தம் நினைவாகவே ஏற்றுக்கொண்டார். நினைவு பிற்காலத்தில் கட்டப்படுகிறது என்ற ஃபிராய்டின் கருத்துக்கு இது ஒரு வகையில் வலுச் சேர்க்கிறது. அதே வேளையில், விளக்கம் சொல்பவரே நினைவை உண்டாக்கிவிட முடியும் என்ற எச்சரிக்கையும் இதில் இருக்கிறது. ஆகவே ஒரு திரை நினைவுக்குப் பின்னால் கட்டாயம் ஏதோ கொடுமை நடந்திருக்கும் என்று யாராவது உங்களிடம் வற்புறுத்தினால், அதை நம்பாதீர்கள்.

கனவு பற்றியும் அறிவியல் வெகுதூரம் போயிருக்கிறது. கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் தூக்க நிலையை 1953-இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்தார்கள். மூளைத்தண்டிலிருந்து எழும் தூண்டல்களை மேல்மூளை எப்படியோ கோத்துக் கதையாக்குவதே கனவு என்று 1977-இல் ஹாப்சனும் மக்கார்லியும் வாதிட்டார்கள். ஃபிராய்டும் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளத் தயங்கவில்லை. முதல் உலகப் போரிலிருந்து வந்த வீரர்கள் வெடித்த குண்டையே இரவுதோறும் கனவில் கண்டு அலறி எழுந்தபோது, இதில் எந்த ஆசை நிறைவேறுகிறது என்ற கேள்வி எழுந்தது. ஆசை நிறைவேற்றம் எல்லாக் கனவுக்கும் பொருந்தாது என்பதை 1920-இல் அவரே ஒப்புக்கொண்டார். விபத்துக்கோ வன்முறைக்கோ பிறகு அதே காட்சி திரும்பத் திரும்பக் கனவில் வருபவர்கள் அதற்கு உட்பொருள் தேடிக்கொண்டிராமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிந்தனை இந்தியாவுக்கு வந்து நூறாண்டு கடந்துவிட்டது. கல்கத்தாவில் மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃபிராய்டோடு கடிதத்தில் வாதாடினார், வங்க மொழியில் கனவைப் பற்றி நூலும் எழுதினார். தமிழில் அந்த அளவு வேலை இன்னும் நடக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

தொடங்குபவர்கள் செய்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, கனவைக் கண்ட கையோடு, அழகுபடுத்தாமல் எழுதுங்கள். பக்கத்திலேயே முந்தைய நாளின் சில்லறை நிகழ்ச்சிகளையும் எழுதுங்கள். உங்களுடைய மிகப் பழைய நினைவை எழுதி, அதில் எந்த நிறம் அல்லது சுவை தேவைக்கு மேல் தெளிவாக இருக்கிறது, உங்களை நீங்களே வெளியிலிருந்து பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறர் கனவுக்கு மட்டும் அவர்கள் முகத்துக்கு நேராக விளக்கம் சொல்லாதீர்கள். என் நண்பரின் கத்தரிக்காயைப் பற்றி எனக்கும் உடனே ஓர் ஊகம் தோன்றியது. நான் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் பாட்டியின் பழமொழி அவருக்குத் தானாக வந்தது, அன்றிரவே அவர் மனைவியிடம் கடனைப் பற்றிச் சொல்லவும் முடிந்தது.

உண்மை தெரிந்ததும் நினைவு மாறிவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். ஒருவருக்குச் செய்தியைச் சொல்லிவிடுவது வேறு, அது அவருக்குள் இறங்குவது வேறு என்று ஃபிராய்டு பின்னாளில் எழுதியதை அதற்கு முன்பே படித்திருந்தும் எதிர்பார்த்தேன். சின்னம்மா சொல்லி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பையனுக்கு அன்று சட்டையே இல்லை என்பதை நான் நன்றாக அறிவேன். கண்ணை மூடினால் ஆயா கலங்கலை இறைக்கிறார், தண்ணீர் தெளிகிறது, எதிரில் அவன் சிவப்புச் சட்டையோடுதான் குந்தியிருக்கிறான்.